காளையின் பெயருக்குப் பின்னால் தொங்கும் எழுத்துகள்: மாடுகளின் பரம்பரைக் குறைபாட்டை எப்படிப் பதிவது?

வெளிநாட்டு உறைவிந்துப் பட்டியலைப் பிரித்தால் ஒவ்வொரு காளையின் பெயருக்குப் பின்னாலும் ஒரு வால் தொங்கும். பிஎல்எஃப், சிவிஎஃப், பிஒய்சி, ஆர்டிசி என்று போகும். கொஞ்சம் பழைய அமெரிக்கப் பட்டியல் என்றால் டிஎல், டிவி, டிடி. பால் அளவையும் கொழுப்புச் சதவீதத்தையும் நொடியில் படித்துவிடுகிறவர்கள்கூட இந்த வாலுக்கு வந்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

டிஎல் என்பதையே எடுத்துக்கொள்வோம். பார்த்தால் ஏதோ நோயின் பெயர் மாதிரி இருக்கிறது. பொருள் நேர்மாறு: 'பிளாட்' என்ற குறைபாட்டுக்குச் சோதித்தாயிற்று, இந்தக் காளையிடம் அது இல்லை. குறைபாட்டைச் சுமக்கும் காளைக்குப் போட்ட குறி பிஎல். சரி, இரண்டில் எதுவுமே போடாத காளை? அது சுத்தமானதா, யாரும் சோதிக்கவே இல்லையா? எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே காளையின் விந்து பத்து நாடுகளுக்குப் போகிற தொழிலில் இந்தச் சின்ன இடைவெளி எத்தனை கன்றுகளைக் காவு வாங்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

## முதலில் அடிப்படை: வெளியே தெரியாத குறை

மாட்டின் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. இங்கே பேசப்போகும் குறைபாடுகள் ஏறக்குறைய எல்லாமே ஒடுங்கு பண்பு வகை. ஒரு பிரதி கெட்டிருந்தாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். மாடு நன்றாகவே இருக்கும், நன்றாகக் கறக்கும். அப்படிப்பட்ட மாட்டைத்தான் கேரியர் என்கிறார்கள். குறையைச் சுமக்கும், காட்டாது.

இரண்டு கேரியர்கள் சேர்ந்தால் நான்கில் ஒரு கன்றுக்கு இரண்டு பிரதியும் கெட்டதாக அமையும். அந்தக் கன்றில்தான் குறை வெளியே வரும். நான்கில் இரண்டு மறுபடியும் கேரியர். மீதி ஒன்று சுத்தம்.

கணக்கு எளிது. பிளாட் குறைபாட்டின் மரபணு மாற்றம் 1992-இல் கண்டுபிடிக்கப்பட்டபோது, சோதித்த அமெரிக்க ஹோல்ஸ்டீன் இனக் காளைகளில் 14.1 சதவீதமும் பசுக்களில் 5.8 சதவீதமும் கேரியர்கள். இரண்டையும் பெருக்கி நான்கால் வகுத்தால், 10,000 கன்றுக்குச் சுமார் 20 கன்று. ஒரு பண்ணைக்காரர் ஆயுள் முழுக்க ஒன்றோ இரண்டோ பார்ப்பார். பார்த்தாலும் பரம்பரைக் குறை என்று அவருக்குத் தோன்ற வழியில்லை. பிளாட் கன்றின் வெள்ளையணுக்கள் இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டி வெளியே வர முடியாதவை. அதனால் எந்தக் கிருமி வந்தாலும் எதிர்ப்பு இல்லை. கன்று இளைக்கும், கழியும், மூச்சுத் திணறும், பெரும்பாலும் ஒரு வயதுக்குள் போய்விடும். பண்ணைக் குறிப்பேட்டில் 'கழிச்சல்' அல்லது 'நிமோனியா' என்று இருக்கும். எழுதியது பொய்யில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு குறையின் தடயமும் புதைந்துபோகிறது.

## ஒரு காளை, இரண்டு குறை

நாட்டுப்புறத்தில் பொலிகாளை ஒன்று ஆயுளில் சில நூறு கன்றுகளுக்குத் தகப்பனாகலாம். உறைவிந்து வந்த பிறகு அந்த எண்ணிக்கைக்கு மேல்வரம்பு இல்லாமல் போனது. காளை செத்த பிறகும் அதன் உறைவிந்து அடைத்த குச்சி வேலை செய்கிறது.

1974-இல் பிறந்த கார்லின்-எம் ஐவன்ஹோ பெல் என்ற அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளை இதற்குப் பாடப்புத்தக உதாரணம். பாலுக்கும் மடி அமைப்புக்கும் உலகமெங்கும் விரும்பி வாங்கப்பட்டது. பிளாட் அதனிடம் இருந்தது. 1952-இல் பிறந்த ஆஸ்பர்ன்டேல் ஐவன்ஹோவிலிருந்து வழிவழியாக வந்தது. அதோடு முடியவில்லை. 2000-ஐ ஒட்டி டென்மார்க்கில், கழுத்து குறுகி, முதுகெலும்புகள் ஒட்டிப்போய், கால் மூட்டுகள் மடங்கி இறந்து பிறக்கும் கன்றுகளை ஆராய்ந்தபோது சிவிஎம் என்ற வேறொரு குறைபாடு வெளிப்பட்டது. வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் அங்கேயும் பெல்தான் நிற்கிறது.

பெல் பிறந்து கால் நூற்றாண்டு கழித்துத்தான் இரண்டாவது குறை தெரியவந்தது. இத்தனைக்கும் பிளாட் விஷயத்தில் ஏற்கனவே அடிபட்டு, காளைகளைச் சோதிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. பிளாட் இல்லை என்று முத்திரை வாங்கிய பெல்லின் வாரிசு ஒன்று சிவிஎம் கேரியராக இருக்கலாம், இருந்தன. 'சுத்தம்' என்ற சொல் எந்தக் குறைக்குச் சுத்தம் என்று சொல்லாமல் நின்றால் பயன் இல்லை என்பதை இந்தத் தொழில் அப்போதுதான் உறைக்கக் கற்றது.

சிவிஎம் ஏன் அவ்வளவு நாள் ஒளிந்திருந்தது? பாதிக்கப்பட்ட கருக்களில் பெரும்பகுதி மாதம் நிறையும் முன்பே விழுந்துவிடும். மாடு கன்று வீசியது என்று பண்ணைக்காரர் சொல்வார், அல்லது சினை நிற்கவில்லை என்பார். வயலில் விழுந்த கருவை யார் அறுத்துப் பார்க்கிறார்கள்?

## கன்றே இல்லாத குறைபாடு

2009 தொடக்கத்தில் அமெரிக்காவில் மரபணுச் சில்லு அடிப்படையிலான மதிப்பீடு அதிகாரபூர்வமானது. ஒரு மாட்டின் மரபணுத் தொகுதியில் 50,000-க்கும் மேற்பட்ட புள்ளிகளை ஒரே சோதனையில் படிக்கும் சில்லு அது. பால் திறனைக் கணிக்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். பக்க விளைவாகக் கிடைத்தது வேறொரு புதையல்.

அடுத்தடுத்த புள்ளிகள் கூட்டமாகச் சேர்ந்தே பிள்ளைக்குப் போகும். அப்படிச் சேர்ந்து பயணிக்கும் ஒரு வரிசைக்கு ஹேப்லோடைப் என்று பெயர். ஒரு குறிப்பிட்ட ஹேப்லோடைப் நூறு மாட்டில் பத்திடம் ஒற்றைப் பிரதியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்மூடிச் சேர்த்தால் 400 கன்றுக்கு ஒன்றில் அது இரட்டையாக இருக்க வேண்டும். 40,000 மாடுகளைப் படித்தால் 100 கிடைக்க வேண்டும். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால்? இரட்டையாக அமைந்தவை பிறக்கவே இல்லை என்று அர்த்தம்.

2011-இல் வான்ராடனும் சக ஆய்வாளர்களும் இந்த வழியில் ஐந்து ஹேப்லோடைப்புகளை அடையாளம் காட்டினார்கள்: ஹோல்ஸ்டீனில் மூன்று, ஜெர்சியில் ஒன்று, பிரவுன் ஸ்விஸ்ஸில் ஒன்று. நோயுள்ள ஒரு கன்றைக்கூடப் பார்க்காமல் ஒரு நோயைக் கண்டுபிடித்தது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். இல்லாததை எண்ணிச் சாதித்தது.

ஹோல்ஸ்டீனின் முதல் ஹேப்லோடைப்பான எச்எச்1-இன் மூலம் 1962-இல் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற காளை. அதன் 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள், 20 லட்சத்துக்கு மேல் கொள்ளுப்பேத்திகள். பிறகு ஏபிஏஎஃப்1 என்ற மரபணுவில் உள்ள ஒற்றை எழுத்துப் பிழைதான் காரணம் என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. 35 ஆண்டுகளில் உலகளவில் சுமார் 5,25,000 கருச்சிதைவு, 42 கோடி டாலர் இழப்பு என்பது அதே ஆய்வின் மதிப்பீடு. சீஃப் கொண்டுவந்த கூடுதல் பாலின் மதிப்போ 3,000 கோடி டாலர். ஆகவே 'அந்தக் காளையைப் பயன்படுத்தியிருக்கவே கூடாது' என்று கோபப்படுவதில் பொருளில்லை. அதன் வாரிசுகளை ஒன்றோடொன்று சேர்க்காமல் இருந்திருக்க வேண்டும். அதற்கு எது கேரியர் என்ற பதிவு வேண்டும்.

## ஒரே கட்டத்தில் நான்கு வகைத் தகவல்

பதிவு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அந்த ஒரு கட்டத்துக்குள் தன்மையில் வேறான நான்கு தகவல்கள் வந்து விழுகின்றன:

1. கண்ணால் பார்த்தது. கன்று இப்படிப் பிறந்தது, இப்படிச் செத்தது என்ற பண்ணைத் தகவல். புதுக் குறைபாட்டுக்கு முதல் மணி அடிப்பது இதுதான். ஆனால் இன்ன குறை என்று உறுதி சொல்லாது.

2. வம்சாவளி ஊகம். தகப்பன் கேரியர், தாய் சுத்தம் என்றால் கன்று கேரியராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு பெற்றோரும் சோதித்துச் சுத்தம் என்றால் பிள்ளையும் சுத்தம் என்று எதிர்பார்க்கலாம். காகிதத்தில் உள்ள தகப்பன்தான் உண்மைத் தகப்பன் என்றால்.

3. ஹேப்லோடைப் முடிவு. சில்லில் தெரிந்த வரிசையை வைத்துச் சொல்வது. மாட்டைச் சில்லில் படித்தாயிற்று என்றால் இது தனிச் செலவில்லாமல் கிடைக்கும். ஆனால் மறைமுகச் சான்று.

4. மரபணுச் சோதனை. பிழை இருக்கும் அதே இடத்தை நேரே படிப்பது. பிழை எது என்று தெரிந்த பிறகே இப்படிப் படிக்க முடியும்.

ஒரு நாடு நான்காவதைக் கொண்டு 'கேரியர்' என்று எழுத, இன்னொரு நாடு மூன்றாவதைக் கொண்டு அதே சொல்லை எழுதினால், இரண்டு பட்டியலையும் கணினியில் சேர்க்கும்போது உறுதியும் ஊகமும் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு பிரிக்க முடியாது. தரப்படுத்தல் என்று இன்று பேசப்படுவதன் பாதி இந்த நான்கையும் கலக்காமல் வைப்பதுதான்.

## கொழுப்பு இல்லாத கன்றுகள்: 2015-இல் நடந்த குழப்பம்

மேலே சொன்னது வெறும் ஒழுங்குப் பிரச்சினையாகத் தோன்றலாம். எச்சிடி என்ற கொலஸ்ட்ரால் குறைபாட்டின் கதையைப் பார்த்தால் அப்படி இல்லை என்று தெரியும்.

2015-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள், எந்த மருந்துக்கும் அடங்காத கழிச்சலால் சில வாரங்களிலோ மாதங்களிலோ சாகும் ஹோல்ஸ்டீன் கன்றுகளை ஆராய்ந்தார்கள். இரத்தத்தில் கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட இல்லை. குறை 11-ஆவது குரோமோசோமில் ஒரு ஹேப்லோடைப்போடு ஒட்டி வருகிறது என்று தெரிந்தது. வம்சாவளி 1991-இல் கனடாவில் பிறந்த மாஃலின் ஸ்டார்ம் என்ற காளையில் போய் நின்றது. ஹேப்லோடைப் தெரிந்ததும் நாடுகள் வேகமாகக் கேரியர் பட்டியல்களை வெளியிட்டன. அவசரம் நியாயமானதே, ஸ்டார்மின் வாரிசுகள் அப்போது எங்கும் பரவியிருந்தன.

ஆனால் பட்டியலில் இருந்த சில காளைகளுக்கும் ஸ்டார்முக்கும் தொடர்பே இல்லை. என்ன நடந்தது?

ஹேப்லோடைப்பை ஒரு தெருவாக நினைத்துக்கொள்ளுங்கள். சில்லு தெருவில் நடந்து கதவுகளின் நிறத்தைப் பார்க்கிறது; எந்த வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பதில்லை. பச்சை, நீலம், நீலம், மஞ்சள் என்று கதவுகள் வந்தால், ஓட்டை வீடு உள்ள தெரு இதுதான் என்று சொல்லிவிடும். ஸ்டார்முக்கு முன்பிருந்தே அதே கதவு வரிசை கொண்ட தெரு ஹோல்ஸ்டீன் இனத்தில் இருந்தது. அங்கே எல்லா வீடும் நல்ல வீடு. பிழை பின்னால்தான், ஒரு கிளையில் மட்டும் நுழைந்தது. கதவு நிறம் மாறவில்லை. ஆகவே பழைய கிளை வழியாக அந்தத் தெருவைப் பெற்ற சுத்தமான காளைகளும் கேரியர் என்று அடையாளம் பெற்றன.

அடுத்த ஆண்டே பிழை பிடிபட்டது: ஏபிஓபி மரபணுவுக்குள் சுமார் 1,300 எழுத்து நீளமுள்ள அந்நியத் துண்டு ஒன்று நுழைந்து உட்கார்ந்திருந்தது. நேர்ச் சோதனை வந்ததும் சந்தேகக் காளைகள் பிரிந்தன. இடைப்பட்ட காலத்தில் பட்டியலை நிர்வகித்தவர்களுக்கு உதவியது ஒரு சின்ன ஏற்பாடு. அமெரிக்கப் பால்மாட்டு இனவிருத்திக் கவுன்சிலான சிடிசிபி ஹேப்லோடைப் முடிவை 'உண்டு, இல்லை' என்று இரண்டாக வைக்காமல் ஐந்து எண்ணாக வைக்கிறது:

- 0: இல்லை.
- 1: ஒற்றைப் பிரதி, வம்சாவளியும் ஒத்துப்போகிறது.
- 2: இரட்டைப் பிரதி, வம்சாவளியும் ஒத்துப்போகிறது.
- 3: ஒற்றைப் பிரதி போலத் தெரிகிறது, எங்கிருந்து வந்தது என்பதை வம்சாவளி உறுதிப்படுத்தவில்லை.
- 4: இரட்டை போலத் தெரிகிறது, அதே நிலை.

3, 4 என்ற இரண்டு எண்களின் அருமை பிற்பாடுதான் புரியும். 'எனக்குச் சந்தேகம்' என்பதையே ஒரு பதிவாக்கியிருக்கிறார்கள். ஒரு விந்து நிறுவனத்துக்கு 1-க்கும் 3-க்கும் வித்தியாசம் காளையை விற்பதா, மரபணுச் சோதனைக்கு அனுப்புவதா என்ற வித்தியாசம்.

## பெயர், எழுத்து, எண்

அடுத்த சிக்கல் பெயர். எச்எச்1 என்பது ஹேப்லோடைப்பின் பெயர். ஏபிஏஎஃப்1 மரபணுவின் பெயர். பிராக்கிஸ்பைனா என்ற குறைபாடு பட்டியலில் பிஒய் என்றும் இருக்கும், அதன் ஹேப்லோடைப் எச்எச்0 என்றும் இருக்கும். பழக்கமில்லாத ஆள் இவற்றை இரண்டு நோயாக எண்ணிவிடுவார்.

இதற்குச் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓமியா தரவுத்தளம் நல்ல விடை வைத்திருக்கிறது. விலங்குகளின் பரம்பரைப் பண்புகளைத் தொகுக்கும் இது ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஒரு எண் தருகிறது. பிளாட் என்றால் 000595-9913, சிவிஎம் என்றால் 001340-9913. பின்னால் வரும் 9913 மாட்டைக் குறிக்கும் இன எண். யார் எந்த மொழியில் என்ன பெயர் வைத்தாலும் எண் ஒன்றே.

மனிதர் படிக்கும் எழுத்துக் குறிக்கு உலக ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன் கூட்டமைப்பு ஒரு பொது முறையைக் கொண்டுவந்தது. முதல் இரண்டு எழுத்து குறைபாடு, கடைசி எழுத்து முடிவு. எஃப் என்றால் சோதித்து இல்லை. சி என்றால் கேரியர். எஸ் என்றால் இரட்டைப் பிரதி. எனவே பழைய டிஎல் இப்போது பிஎல்எஃப். பழைய பிஎல் இப்போது பிஎல்சி. பழைய டிவி, சிவிஎஃப் ஆனது. குறைபாட்டின் பெயர் எப்போதும் முன்னால் நிற்பதால் அகரவரிசையில் அடுக்கினாலே ஒரே குறைபாட்டின் முடிவுகள் ஒன்றாக வந்துவிடும். மூன்று எழுத்தும் இல்லை என்றால் சோதனை முடிவு இல்லை, அவ்வளவுதான். சுத்தம் என்று யாரும் நினைத்துக்கொள்ளத் தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே முறை கொம்பில்லாத பண்புக்கும் சிவப்பு நிறத்துக்கும் பயன்படுகிறது. பிஓஎஸ் என்றால் கொம்பில்லாத பண்பு இரட்டையாக உள்ள காளை. பல பண்ணைகள் தேடி வாங்கும் காளை அது! பிஒய்எஸ் என்றாலோ உயிரோடு இருக்கவே வாய்ப்பில்லாத கரு. ஒரே எஸ், ஒன்றில் பெருமை, ஒன்றில் மரணம். குறி தகவலை மட்டும் சொல்லட்டும், நல்லது கெட்டது என்ற தீர்ப்பைப் படிப்பவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

## யார் யார் ஒத்துக்கொள்ள வேண்டும்?

இனச் சங்கம், விந்து நிறுவனம், ஆய்வுக்கூடம், தேசிய மதிப்பீட்டு மையம் என்று குறைந்தது நான்கு தரப்பு. இவர்களுக்கு மேலே, 1951-இல் ரோமில் உருவான பன்னாட்டு விலங்குப் பதிவுக் குழு, அதாவது ஐகார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தையும் நாம் ஐகார் என்றே சொல்வதால் செய்தியில் இந்தப் பெயரைப் பார்த்ததும் டெல்லி என்று நினைத்துவிட வேண்டாம். இதன் துணை அமைப்பான இன்டர்புல், ஸ்வீடனின் உப்சாலாவில் இருந்துகொண்டு நாடுகளுக்கிடையே காளைகளின் மதிப்பீட்டை ஒப்பிடுகிறது.

தகவல் ஒரு தரப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சேதாரமில்லாமல் போக வேண்டுமானால், வெறும் மூன்றெழுத்துக் குறி போதாது. என் கணிப்பில் ஒவ்வொரு முடிவோடும் குறைந்தது இவை ஒட்டியிருக்க வேண்டும்:

1. மாட்டின் உலகளாவிய அடையாள எண்.
2. குறைபாட்டின் நிரந்தர எண்.
3. முடிவு.
4. எந்த முறை: மரபணுச் சோதனையா, ஹேப்லோடைப்பா, வம்சாவளியா.
5. தேதி, ஆய்வுக்கூடம்.

ஐந்தாவதைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டக் கூடாது. எச்சிடி போல ஒரு ஹேப்லோடைப் சோதனை பிறகு திருத்தப்பட்டால், எந்தெந்த முடிவுகள் திருத்தத்துக்கு முந்தையவை என்று தேடி எடுக்கத் தேதி ஒன்றுதான் வழி.

தயக்கம் எங்கே வருகிறது என்றும் சொல்ல வேண்டும். நல்ல விலைக்கு விற்கும் காளைக்கு 'சி' விழுந்தால் நிறுவனத்துக்கு நட்டம். அதனால் கேரியர் என்றாலே கழித்துவிடு என்ற விதி போட்டால் மறைக்கத்தான் தோன்றும். பதிவு இருந்தால் அந்தக் கடுமை தேவையில்லை. பசுவின் நிலையும் தெரிந்தால், கேரியர் காளையைச் சுத்தமான பசுவுக்குப் போடலாம். பாதிக்கப்பட்ட கன்று ஒன்றுகூடப் பிறக்காது. பசுவுக்கான காளையைத் தேர்ந்துதரும் கணினி நிரல்கள் இதைத்தான் செய்கின்றன. அவற்றுக்குத் தீனி அந்த மூன்றெழுத்துகள்.

## இரட்டையாக இருந்தும் பிழைக்கிற கன்று

இந்த ஒழுங்கெல்லாம் அமைந்து கொஞ்சம் மூச்சு விடும்போது எச்எம்டபிள்யூ வந்தது. பிறந்த கன்று எழுந்து நிற்க முடியாமல் படுத்தே கிடக்கும் தசைத் தளர்ச்சி. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதை 16-ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு பிழையோடு இணைத்தார்கள். பாதிக்கப்பட்ட கன்றுகளின் வம்சாவளிகள் சேரும் இடம் 1984-இல் பிறந்த சவுத்விண்ட் பெல் ஆஃப் பார்-லீ. பெயரிலேயே இருக்கிறது, நம் பழைய பெல்லின் மகன்.

இதில் புதிது என்னவென்றால், இரட்டைப் பிரதி உள்ள எல்லாக் கன்றும் படுத்துவிடுவதில்லை. சில எழுந்து நடந்து, வளர்ந்து, கறக்கவும் செய்கின்றன. ஆக இங்கே இரட்டை என்ற குறி ஆபத்து அதிகம் என்று மட்டும் சொல்கிறது. செத்துவிடும் என்று சொல்லவில்லை. அதோடு பிழை வம்சாவளியில் அண்மையில் நுழைந்தது என்பதால் எச்சிடியின் பழைய தொல்லையும் இருக்கிறது: ஒரே கதவு வரிசை, பிழையுள்ள தெருவும் பிழையில்லாத தெருவும்.

இதற்கு நான்கு வகைத் தகவலில் முதலாவது, கண்ணால் பார்த்தது, மறுபடியும் மேலே வருகிறது. எத்தனை இரட்டைக் கன்றுகள் படுத்தன, எத்தனை எழுந்தன என்று பண்ணையிலிருந்து எழுதி வராவிட்டால் எந்த ஆய்வுக்கூடமும் ஆபத்தின் அளவைச் சொல்ல முடியாது. 'கன்று இறந்தது' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எழுந்ததா, பால் குடித்ததா, எத்தனையாவது நாள், உடலில் என்ன மாற்றம் என்ற நாலு கேள்விக்குப் பதில் இருந்தால் அது தரவு.

## சினை ஊசி போடும் இடத்தில்

இந்தியாவில் உறைவிந்து நிலையங்களுக்கு நடுவண் அரசின் குறைந்தபட்ச விதிமுறைகள் உண்டு. ஹோல்ஸ்டீன் காளைகளைப் பொறுத்தவரை பிளாட், இரத்தத்தில் அம்மோனியா சேர்ந்து கன்று சாகும் சிட்ருலினீமியா, கரு தொடக்கத்திலேயே அழியும் டம்ப்ஸ், இரத்தம் உறைவதைப் பாதிக்கும் பதினொன்றாம் காரணிக் குறைபாடு ஆகியவற்றுக்கான சோதனை அதில் இருக்கிறது. இந்திய ஹோல்ஸ்டீன் மாடுகளில் சிட்ருலினீமியாவுக்கும் டம்ப்ஸுக்கும் கேரியர்கள் இல்லை என்று 2006-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த ஆய்வு அந்த இரண்டைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

தமிழ்நாட்டுச் சமவெளியில் ஓடுவது பெரும்பாலும் ஜெர்சிக் கலப்பு. ஹோல்ஸ்டீனுக்கான பட்டியலை அப்படியே ஜெர்சிக்கு நீட்ட முடியாது. ஜெர்சிக்கு ஜேஎச்1 என்ற ஹேப்லோடைப் உண்டு. 2011 ஆய்வின்போது அமெரிக்க ஜெர்சிகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் கேரியர். இரட்டையாக அமைந்தால் கரு நிற்காது. மாடு மறுபடி பருவத்துக்கு வரும். ஊசி பிடிக்கவில்லை என்று சொல்லி அடுத்த ஊசி போடுவோம்.

கலப்பினத்தில் வெளிநாட்டு இரத்தம் பாதி என்பதால் ஆபத்தும் குறைவு என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. முதல் தலைமுறைக் கலப்புக் கன்றுக்கு நாட்டுத் தாயிடமிருந்து நல்ல பிரதி கிடைத்துவிடும், இரட்டையாக வாய்ப்பில்லை. அந்தக் கன்று வளர்ந்து பருவத்துக்கு வரும்போது மறுபடியும் அதே காளையின் குச்சி போடப்பட்டால் கதை மாறும். காளை கேரியர் என்றால் மகள் கேரியராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. கேரியரும் கேரியரும் சேர்ந்தால் நான்கில் ஒன்று. பெருக்கினால் எட்டில் ஒன்று. அமெரிக்காவில் பிளாட் உச்சத்தில் இருந்தபோது பத்தாயிரத்துக்கு இருபது என்று பார்த்தோமே, அந்தக் கணக்குப்படி இது 1,250.

இதைத் தடுக்க மரபணுச் சோதனைகூட வேண்டாம். பசுவின் காதுவில்லையில் 12 இலக்க எண் இருக்கிறது. குச்சியின் மேல் காளையின் எண் அச்சிட்டிருக்கிறது. ஊசி போடும்போது இரண்டையும் பதிவதற்குத்தான் முன்பு ஐநாஃப், இப்போது பாரத் பசுதன் என்ற தேசியத் தரவுத்தளம். கன்று பிறந்ததும் அதற்கு வில்லை போட்டு, தகப்பன் காளையின் எண்ணை அதன் பெயரில் ஏற்றிவிட்டால், மூன்று வருடம் கழித்து ஊசி போட வருபவர் குச்சியை எடுக்கும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். வில்லை போடும்போது தகப்பன் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டால், பிறகு அந்தக் காளைக்குப் பிஎல்சி என்று வந்தாலும் ஜேஎச்1 கேரியர் என்று வந்தாலும், எந்த வீட்டுத் தொழுவத்தில் அதன் மகள் கட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை.